வெள்ளை நாயும் கேளாத காதும்



நேற்று ராஜகிரி அடிவாரத்தில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். கையில் இரண்டு மாத ராஜபாளையம் குட்டி. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. "கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது சார், சரியான திமிரு" என்றார். குட்டியின் பின்னால் நின்று மூன்று முறை கைதட்டினேன். காதுகூட அசையவில்லை. திமிர் இல்லையப்பா, அதற்குக் காது கேட்கவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. நம் செஞ்சியை நாயக்கர்கள் ஆண்டபோது, தெற்கே மதுரை நாயக்கர்களின் கீழ்ப் பாளையங்கள் இருந்தன அல்லவா? அந்தப் பாளையக்காரர்கள் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த நாய் இது என்பார்கள். வளர்த்தவர்களுக்குத் தூய வெள்ளைதான் பெருமை. கறுப்பாகவோ புள்ளியோடோ பிறந்த குட்டிகளைக் கழித்துவிட்டு, வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்தார்கள். வினை அங்கேதான். தோலுக்கு நிறம் தரும் வகை உயிரணுக்கள் உட்செவியிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் உறுப்பு கெட்டுவிடும். பிறகு மருந்து கிடையாது. வெளிநாட்டு டால்மேஷியனுக்கும் இதே கதைதான். கழித்த குட்டிகளில் எத்தனைக்கு நல்ல காது இருந்ததோ!

2005இல் அஞ்சல் தலையிலேயே இடம் பிடித்த இனம் இது. ஆனாலும் குட்டி வாங்குகிறவர்கள் இன்றும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், கைதட்டிப் பார்ப்பதில்லை.

"திருப்பிக் கொடுத்துடவா சார்?" என்று கேட்டார். வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டு, கைச்சைகையில் பழக்கு, திண்டிவனம் சாலையில் மட்டும் அவிழ்த்து விடாதே, ஹாரன் அதற்குக் கேட்காது என்றேன்.