யானைக்கவுனியும் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கும்

யானைக்கவுனியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றிலிருந்து பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று என் கைக்கு வந்தது. 20 ஜிபி, பட்டையான ஐடிஇ கேபிள் மாட்டும் ரகம். அந்தப் பகுதியின் தெருப் பெயர்கள் பற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருஷக்கணக்காகச் சேர்த்த குறிப்புகளை அங்கேதான் பேஜ்மேக்கரில் அடித்து வைத்திருந்தார். அவர் இப்போது இல்லை. கையெழுத்துப் பிரதி 2015 வெள்ளத்தில் போய்விட்டது. மிச்சம் இந்த டிஸ்க்தான்.

கோப்புகளை மட்டும் எடுத்தால் போதாது. யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் ஆளாளுக்கு ஒரு தமிழ்க் குறியீட்டு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியதே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். ஆனாலும் பல அச்சகங்கள் பழைய எழுத்துருவை விடவில்லை. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் திரையில் வெறும் கிறுக்கல்தான் தெரியும். அதனால் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் 98ஐ அப்படியே ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் கிளப்பிவிடலாம்னு நினைத்தேன்.

ரிச்சி தெருவில் யூஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினேன். 'அனுமதி இல்லை' என்று வந்தது. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினேன். படிக்க விட்டது, எழுத விடவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிஸ்க்கை ஆஃப்லைன் ஆக்கினால் எழுதவும் விடும் என்று தெரியும். ஆனால் ஏன் இத்தனை தடை என்று யோசித்தபோது கை நின்றுவிட்டது.

இந்தத் தடைக்கு வயது அதிகம். 1960களில் ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் மையத்தில் சிபி-40, அடுத்து சிபி-67 உருவாயின. ஒரே கம்ப்யூட்டரில் பலர் வேலை செய்தாலும், ஒவ்வொருவருக்கும் முழு மெஷினும் தனக்கே என்று தோன்றும். டிஸ்க்கைத் துண்டு போட்டு 'மினிடிஸ்க்' என்று கொடுத்தார்கள். எல்லை தாண்டாமல் பார்த்துக்கொண்டது கட்டுப்பாட்டு நிரல். 1974ல் போபெக், கோல்ட்பர்க் இருவரும் எழுதிய கட்டுரை இதையே விதியாக்கியது: உண்மையான வளங்களின் பிடி எப்போதும் மேற்பார்வை நிரலிடமே இருக்க வேண்டும்.

நிஜ டிஸ்க்கை நேரடியாகக் கொடுப்பது அந்த விதியைத் தளர்த்துவது. ஒரே டிஸ்க்கை இரண்டு இயங்குதளங்கள் ஆண்டால், கோப்பு அட்டவணையை ஆளுக்கொரு பிரதியாக நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ஒன்று எழுதியதை மற்றது அழிக்கும். அதனால்தான் பயன்பாட்டில் இருக்கும் பகுதிகளில் நேரடியாக எழுதுவதை விண்டோஸ் விஸ்டா முதல் தடுக்கிறார்கள்.

கவுனி என்றாலே மதில் வாசல்தான். 1758-59ல் லாலியின் முற்றுகை, அடுத்து ஹைதர் அலி பற்றிய பயம். அதற்குப் பிறகு கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுந்தது. அதன் வாசல்களில் ஒன்று யானைக்கவுனி. மதிலுக்காக வரி போட நினைத்ததன் சுவடுதான் வால்டாக்ஸ் ரோடு. வாசலில் காவல் வைத்தது உள்ளே இருப்பவர்களுக்காக. நானோ காவல்காரனை எப்படி ஏமாற்றலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஃப்லைன் ஆக்கியிருந்தால் முதல் ஆபத்து தீரும். இரண்டாவது தீராது. புது வன்பொருளைப் பார்த்ததும் விண்டோஸ் 98 தன் ரெஜிஸ்ட்ரியை மாற்றி எழுதும். முன்பு சரியாக ஷட் டவுன் ஆகவில்லை என்றால் ஸ்கேன்டிஸ்க் தானாக ஓடி 'சரிசெய்யும்'.

அதனால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ வைத்து, டிஸ்க்கில் எதுவும் எழுதாமல் பிம்பம் எடுத்தேன். ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. சில செக்டர்கள் கடைசிவரை படிக்கவே வரவில்லை. அந்தப் பிம்பத்துக்கு இன்னொரு நகல் எடுத்து அதைத்தான் விர்ச்சுவல் மெஷினில் கிளப்பினேன். பயந்தபடியே ஸ்கேன்டிஸ்க் ஓடியது. ஆசிரியரின் கோப்புகளில் மூன்றை வெட்டியும்விட்டது. நகல் என்பதால் பிழைத்தேன். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு புது நகல் எடுத்து, இந்த முறை ஸ்கேன்டிஸ்க்கை ஓடவிடாமல் நிறுத்தினேன். மூன்றும் திறந்தன. வேறொரு கோப்பு மட்டும் பாதியில் நிற்கிறது. அது அந்தப் படிக்க முடியாத செக்டர்களோடு போனது.

குறிப்புகளின் ஒரு பிரதியை ஆசிரியரின் மகளிடம் கொடுத்துவிட்டேன். இனி யூனிகோடுக்கு மாற்றும் வேலை. முடிய முடிய இங்கே பதிகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டிஸ்க் கிடந்தால், திறப்பதற்கு முன் முதலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.