உயிர்ச்சத்து சி சீரம்

உயிர்ச்சத்து சி சீரம் என்பது அசுகார்பிக் அமிலம் கொண்ட, தோலின் மேல் பூசப்படும் நீர்மம் ஆகும். இது ஓர் ஆக்சிசனேற்ற எதிர்ப்பியாகும். புற ஊதாக் கதிர்களால் தோலில் உருவாகும் தனி உறுப்புகளை இது செயலிழக்கச் செய்கிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாசன் உருவாவதற்கும் இவ்வமிலம் தேவைப்படுகிறது.

== ஆய்வு ==
அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செல்டன் பின்னெல் குழுவினர் 2001 இல் பன்றித்தோலில் நடத்திய ஆய்வில், கரைசலின் காரகாடித்தன்மைச் சுட்டெண் 3.5க்குக் கீழ் இருந்தாலே இவ்வமிலம் தோலுக்குள் செல்லும் என்பதும், 20 விழுக்காட்டுச் செறிவில் உட்கவர்தல் உச்சமடையும் என்பதும் கண்டறியப்பட்டன.

== நிலைத்தன்மை ==
காற்று, ஒளி, வெப்பம் ஆகியவற்றால் இச்சீரம் சிதைந்து மஞ்சளாகிப் பின்னர் பழுப்பாகும். பழுப்பான சீரம் பயன் தராது. எனவே, விருதுநகர் மாவட்டத்திலுள்ள இராசபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற வெப்பம் மிகுந்த ஊர்களில் இதனை நிறமூட்டிய புட்டியில் இறுக மூடிக் குளிர்ந்த, இருண்ட இடத்தில் வைத்தல் வேண்டும்.

== பயன்படுத்தும் முறை ==
முதலில் முன்கையில் சிறிதளவு பூசி, எரிச்சலோ தடிப்போ தோன்றுகிறதா எனச் சில நாட்கள் பார்க்க வேண்டும். பொதுவாகக் காலையில் முகம் கழுவியபின் சில துளிகள் பூசப்படுகின்றன. இது வெயில்காப்புப் பூச்சுக்கு மாற்றன்று. இதன்மேல் அதனையும் பூச வேண்டும். எலுமிச்சைச் சாறு இதற்கு ஈடாகாது. அச்சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் ஏற்படக்கூடும்.