ஏன் ஒன்றுக்கு வருவதில்லை?

1965ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர் டுவெய்ன் டக்ளஸ், அங்கிருந்த மருத்துவர்களிடம் ஒரு சங்கடமான சந்தேகத்தைக் கேட்டார். ஆட்டம் முடிந்து வரும் பையன்களுக்கு ஒன்றுக்கே வருவதில்லை, ஏன்? சிறுநீரக நிபுணர் ராபர்ட் கேட் அதைச் சிரித்துத் தள்ளிவிடவில்லை.

அமெரிக்கக் கால்பந்து பெயரளவில்தான் கால்பந்து. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, முட்டி மோதும் ஆட்டம். தலையில் ஹெல்மெட், உடம்பெல்லாம் திண்டு, மேலே ஃபுளோரிடா வெயில். ஓர் ஆட்டத்தில் 8 கிலோ வரை எடை இழந்தவர்கள் உண்டு. அத்தனையும் வியர்வை. சிறுநீராக வெளியேற உடம்பில் நீர் மிச்சமிருந்தால்தானே! போதாக்குறைக்கு, தண்ணீர் குடித்தால் தசைப்பிடிப்பு வரும் என்று அந்தக் காலப் பயிற்சியாளர்கள் பலர் நம்பினார்கள். ஆட்டத்தின் நடுவே தண்ணீர் கேட்டவன் சோப்ளாங்கி.

வீரர்களைப் பரிசோதிக்கத் தலைமைப் பயிற்சியாளர் ரே கிரேவ்ஸ் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: முதல் அணியைத் தொடக்கூடாது, முதலாமாண்டு மாணவர்களோடு சரி. சோதித்தபோது நீரோடு உப்பும் போயிருந்தது; ரத்தத்தின் அளவும் அதிலிருந்த சர்க்கரையும் குறைந்திருந்தன. போனதையெல்லாம் திருப்பிக் கொடுத்தால் என்ன? தண்ணீரில் உப்பு, சர்க்கரை, இன்னும் சில தாது உப்புகளைக் கலந்தார்கள். கூடவே சர்க்கரையும் இருந்தால் உப்பையும் நீரையும் குடல் வேகமாக உறிஞ்சும். கணக்கெல்லாம் சரி, வாயில்தான் வைக்க முடியவில்லை.

கேடின் மனைவி மேரி வழி சொன்னார்: எலுமிச்சைச் சாறு பிழியலாமே. அக்டோபர் 1ஆம் தேதி முதலாமாண்டு அணிக்கும் இரண்டாம் நிலை வீரர்களின் 'பி' அணிக்கும் பயிற்சி ஆட்டம். பாதி ஆட்டத்தில் 'பி' அணி 13-0 என முன்னிலை. இடைவேளைக்குப் பிறகு, கலவையைக் குடித்த பொடியன்கள் எழுந்தார்கள். 'பி' அணியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். பார்த்துக்கொண்டிருந்த கிரேவ்ஸ், தன் நிபந்தனையைத் தானே தூக்கிப் போட்டார். மறுநாள் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக (எல்எஸ்யு) அணியோடு மோதல். அதற்குள் முதல் அணிக்கும் அது வேண்டும்!

ராத்திரியோடு ராத்திரியாகக் கலவை தயாரானது. மறுநாள் வெயில் 39 டிகிரி செல்சியஸ். எல்எஸ்யு பலமான அணிதான். ஆனால் பிற்பாதியில் துவண்டது. ஃபுளோரிடா 14-7 என வென்றது. அடுத்த பருவம் இன்னும் அமோகம். அதன் முடிவில், 1967 ஜனவரியில் நடந்த ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் ஃபுளோரிடாவிடம் 27-12 எனத் தோற்ற ஜார்ஜியா டெக் அணியின் பயிற்சியாளர் பாபி டாட், தம் அணியிடம் அந்தப் பானம் இல்லாததுதான் வித்தியாசம் என்றார். ஃபுளோரிடா அணியின் செல்லப் பெயர் 'கேட்டர்ஸ்', அதாவது முதலைகள். பானத்தின் பெயர் கேட்டரேட்.

இதன் உரிமையைக் கேட் முதலில் தன் பல்கலைக்கழகத்திடம்தான் நீட்டினார். அது வேண்டாம் என்றது. 1967இல் ஸ்டோக்லி-வேன் கேம்ப் என்ற உணவு நிறுவனம் வாங்கிக்கொண்டது. பணம் கொட்டத் தொடங்கியதும் பல்கலைக்கழகத்துக்குத் திடீரென்று உரிமை ஞாபகம் வந்தது. ஆராய்ச்சிக்குத் தன் நிதியும் போயிருக்கிறது என்று மத்திய அரசும் வந்து நின்றது. வழக்கு சமரசத்தில் முடிந்து, உரிமத் தொகையில் 20 சதவீதம் பல்கலைக்கழகத்துக்கு என்றானது. 2007இல் கேட் இறந்தபோது, வேண்டாம் என்று சொன்ன அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்திருந்த தொகை 15 கோடி டாலருக்கும் மேல்.