பெற்றோர் கேட்டு வாங்கிய வகுப்பு

கனடாவின் மாண்ட்ரியல் நகருக்கு எதிர்க்கரையில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்பக்கம் இருக்கும் சிறிய ஊர் செயின்ட் லாம்பர்ட். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே சொல்லித்தரும் ‘இம்மெர்ஷன்’ வகுப்பு 1965 செப்டம்பரில் அங்கே தொடங்கியது. அது அரசு கொண்டுவந்த திட்டமல்ல. பெற்றோர் போராடி வாங்கியது.

கியூபெக் மாகாணத்தில் பெரும்பான்மையோர் பேசுவது பிரெஞ்சு. ஆனால் அன்று பெரிய கம்பெனிகளில் ஆங்கிலம்தான் ஆட்சி செய்தது. இனி இது செல்லாது என்று பிரெஞ்சு மக்கள் குரல் எழுப்பிய காலம் அது. ஆங்கிலப் பிள்ளைகளோ பள்ளியில் பல வருடம் பிரெஞ்சுப் பாடம் படித்தும் கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேசத் திணறினார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் சேர்க்கலாமென்றால் அங்கே பள்ளிகள் மதவாரியாகப் பிரிந்து கிடந்தன. பிரெஞ்சுப் பள்ளிகள் கத்தோலிக்கருடையவை. ஆங்கிலக் குடும்பங்களில் பலர் புராட்டஸ்டன்ட்.

1963-ல் ஓல்கா மெலிக்காஃப், முரியல் பார்க்ஸ், வலெரி நீல் என்ற மூன்று தாய்மார்கள் முன்னின்று பெற்றோரைத் திரட்டினார்கள். பள்ளி வாரியம் இறங்கி வரவில்லை. அதற்காக அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. பள்ளி நேரத்துக்கு வெளியே தாங்களே பிரெஞ்சு வகுப்புகள் நடத்தினார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட்டையும், புகழ்பெற்ற மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டையும் போய்ப் பார்த்தார்கள். இரண்டு மொழி பேசும் பிள்ளைகள் அறிவுத்திறனில் பின்தங்குவதில்லை என்று லாம்பர்ட் எலிசபெத் பீலுடன் சேர்ந்து 1962-ல்தான் ஆய்வு வெளியிட்டிருந்தார். கடைசியில் வாரியம் சம்மதித்தது, சோதனை முயற்சி என்ற பெயரில்.

முதலில் தொடங்கியது மழலையர் வகுப்பு. ஆசிரியை பேசியதெல்லாம் பிரெஞ்சு. பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டால் தடுக்கவில்லை. பதில் மட்டும் பிரெஞ்சில் வரும். பாட்டு, படம், சைகை, விளையாட்டு என்று அந்த வருடம் முழுக்கக் காதில் மொழி விழுந்துகொண்டே இருந்தது. எழுதப் படிக்கக் கற்றதும் முதலில் பிரெஞ்சில்தான். இரண்டாம் வகுப்பில்தான் ஆங்கிலப் பாடம் வந்தது. பிறகு வருடாவருடம் அதன் நேரம் கூடியது.

‘பிள்ளை இரண்டுங்கெட்டானாகிவிடுமோ’ என்ற பயம் எந்தப் பெற்றோருக்கும் வரும். இந்தப் பெற்றோர் அதைப் பூசி மெழுகவில்லை. தங்கள் பிள்ளைகளை வருடந்தோறும் சோதித்துப் பார்க்க லாம்பர்ட் குழுவுக்கு இடம் கொடுத்தார்கள். இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஆங்கில வாசிப்பில் தொடக்கத்தில் பின்தங்கிய பிள்ளைகள், ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் மற்றவர்களை எட்டிப் பிடித்தார்கள். பிரெஞ்சில் படித்த கணக்கை ஆங்கிலத்தில் கேட்டபோதும் சரியாகவே போட்டார்கள். பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் தேறினார்கள். ஆனால் பேச்சும் எழுத்தும் பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைகள் அளவுக்கு வரவில்லை. வகுப்பறைக்கு வெளியே பேச ஆள் இல்லாத குறை அது. லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் இவற்றை 1972-ல் நூலாகவே வெளியிட்டார்கள். இன்று கனடாவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இம்மெர்ஷன் வகுப்புகளில் படிக்கிறார்கள்.

செயின்ட் லாம்பர்ட் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எங்கும் போகவில்லை. காரணம், வீடு, தெரு, தொலைக்காட்சி எல்லாம் ஆங்கிலம். சிறுபான்மை மொழிக்காரருக்கு இந்தக் காவல் கிடையாது. புதிய மொழி வந்து பழையதைத் தள்ளிவிடலாம் என்பதை லாம்பர்ட்டே பின்னாளில் வற்புறுத்தினார். கனடாவில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பிள்ளையைப் பிரெஞ்சு இம்மெர்ஷனில் தயங்காமல் சேர்க்கலாம். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியவேண்டும் என்பதில்லை. அந்த முதல் வகுப்பே பிரெஞ்சு பேசாத வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பிறந்ததுதான். ஆனால் பள்ளியில் பிரெஞ்சும் தெருவில் ஆங்கிலமும் இருக்கும்போது, தமிழுக்கு உங்கள் வீட்டைத் தவிர வேறு இடமில்லை. வீட்டில் தமிழிலேயே பேசுங்கள்.