மலையோடை இறாலும் சமுத்திர வழியும்: பூவியேயின் பரவற் சித்தாந்தத்தைக் குறித்து

அட்டியிடே என்னும் நன்னீர் இறாற் குடும்பத்தின் உருவ அமைப்பையும் பேதங்களையும் புவியியற் பரவலையும் ஒருங்கே ஆராய்ந்து, பாரிஸ் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துப் பேராசிரியர் பூவியே 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல், அதற்குப் பின் எழுதிய எவரும் தாண்டிச் செல்ல இயலாத ஆதார நூலாகும். ஆயினும், நைல் நதியிலிருந்து 1833இல் பெயர்பெற்ற காரிடினா நிலோத்திகா என்னும் ஒரே இனம் ஆப்பிரிக்கா தொடங்கிப் பசிபிக் தீவுகள் வரை பற்பல பேதங்களுடன் பரவிக் கிடக்கிறது என்ற அவருடைய கருத்தும், அக்கருத்துக்கு அடிப்படையாக அவர் கைக்கொண்ட முறையும், இலங்கையின் மத்திய மலைநாட்டு ஓடைகளுக்குப் பொருந்துமா என்பது தனியே விசாரிக்கத்தக்கது. பொருந்தாது என்பதே என் அபிப்பிராயம்.

பூவியேயின் முறை யாது? புட்டிகளிற் பதனிட்டு வந்த மாதிரிகளை அருகருகே வைத்து, நெற்றிமுள்ளின் நீளத்தையும் அதன் மேலும் கீழும் உள்ள பற்களின் எண்ணிக்கையையும் கால் கணுக்களின் அளவையும் ஒப்பிட்டு, ஒரு வடிவத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே இடைநிலை வடிவங்கள் கிடைத்தால் இரண்டையும் ஓரினத்தின் பேதங்களாகக் கொள்வது அது. இம்முறைக்கு அவரை இட்டுச் சென்ற வரலாறும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், ஓர்ட்மானியா, அட்டியா என இருவேறு பேரினங்களாகப் பிரிக்கப்பட்டிருந்த வடிவங்கள் ஒரே தாயின் முட்டைகளிலிருந்தே பிறக்கக்கூடும் என்று அவர் வாதித்தார். அவ்வடிவங்களைப் பொறுத்தவரை அவர் பக்கமே நியாயம் இருந்தது. ஒரு வழக்கில் வென்ற வாதத்தை மற்ற வழக்குகளுக்கும் நீட்டுவது அறிஞர்களுக்கும் இயல்பே. உருவம் எவ்வளவு மாறினாலும் இனம் ஒன்றாகவே இருக்கலாம் என்ற துணிவு அவருக்கு அங்கேதான் பிறந்தது என்று நான் அநுமானிக்கிறேன்.

அகன்ற பரவல் என்பது தன்னளவில் வியப்புக்குரியதன்று. 1837இல் மில்ன் எட்வர்ட்ஸ் சோழமண்டலக் கரையிலிருந்து வருணித்த வெள்ளை இறால் கிழக்காப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை ஒரே இனமாகவே வாழ்கிறது. அது திறந்த கடலில் முட்டையிடும். இளம் பருவம் நீரோட்டத்தில் மிதந்து களப்புகளுக்குள் நுழைந்து வளர்ந்து, பின் கடலுக்கே மீளும். அப்படிப்பட்ட ஜந்துவுக்குச் சமுத்திரமே ராஜபாட்டை. அதே 1837ஆம் ஆண்டு நூலிலேதான் காரிடினா என்னும் பேரினத்தையும் மில்ன் எட்வர்ட்ஸ் நிறுவினார் என்பது சுவையான தற்செயல். ஆயின் அவ்விரண்டையும் பரவலிலும் ஒன்றுபோல் எண்ணிவிடலாகாது. அட்டன் கடைவீதியிற் கருவாட்டோடு விற்கும் கூனி கரையிலிருந்து லொறியில் ஏறி வந்தது. ஹோர்ட்டன் சமவெளியின் ஓடையிற் கிடப்பதோ எக்காலத்திலும் அவ்வழி வந்ததன்று.

இனி அந்த ஓடை இறாலையே கவனிப்போம். ஓர்ட்மன் 1894இல், அட்டியிடே குடும்பத்தின் வகைப்பாட்டையும் புவியியற் பரவலையும் பற்றிப் பிலடெல்பியா அக்கடமியின் வெளியீட்டில் எழுதிய கட்டுரையில், காரிடினா சிங்கலென்சிஸ் என்று அதற்குப் பெயரிட்டார். அதன்பின் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அதன் வாழ்க்கையைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலரே. 1962இல் அருட்பிரகாசமும் கொஸ்தாவும் இலங்கையின் அட்டியிடே இறால்களை முறையாக வரிசைப்படுத்தத் தொடங்கினர். 1983இல் பென்சியும் டி சில்வாவும் இவ்விறாலின் இளம்பருவ வளர்ச்சியை வெளியிட்டனர். என் வாதம் முழுவதும் தாங்கி நிற்பது இந்த 1983ஆம் ஆண்டுக் கட்டுரையின் மேலேயே. ஏனெனில், பற்களை எண்ணுவதால் ஒருபோதும் புலப்படாத ஒரு செய்தியை அது கூறுகிறது: இவ்விறாலின் குஞ்சுப் பருவம் குறுக்கப்பட்டது. கடலோடு தொடர்புள்ள இறால்கள் சிறிய முட்டைகளை ஏராளமாக ஈன, அவற்றிலிருந்து வரும் குஞ்சுகள் பல நிலைகளைக் கடந்து நீரில் நெடுநாள் மிதந்த பின்னரே தாயின் வடிவை அடைகின்றன. சிங்கலென்சிஸோ பெரிய முட்டைகளைச் சிலவாகவே தாங்கி, அவற்றினுள்ளேயே பெரும்பகுதி வளர்ச்சியை முடித்துவிடுகிறது. வெளிவரும் குஞ்சு, தாய் வாழும் கற்களுக்கிடையிலேயே தங்கிவிடத்தக்கது. மிதவாத குஞ்சுக்குச் சமுத்திரத்தால் ஆவதொன்றில்லை. பூவியே இதை அறிந்திருந்தால் வேறுவிதமாக எழுதியிருப்பார் என்று சொல்வது நியாயமாகாது. முட்டையின் அளவைப் பற்றிய விவாதம் அவருடைய நூலுக்கு முன்பே எழுந்திருந்தது. டென்மார்க்கு விலங்கியலாளர் போவாஸ் 1889இலேயே, ஐரோப்பாவின் பலேமோனெட்டஸ் வேரியன்ஸ் என்னும் இறாலில், வடபுலத்து உவர்நீரிற் சிறுமுட்டை வடிவமும், இத்தாலிய நன்னீரிற் பெருமுட்டை வடிவமும் இருப்பதைக் காட்டி, இரண்டையும் ஓரினமாகவே கொண்டார். பிற்காலத்தார் அவற்றை இரண்டு இனங்களாகப் பிரித்துவிட்டனர். உருவத்தில் ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றியவற்றை முட்டை பிரித்துக் காட்டிய அந்த உதாரணம், உருவத்தின் தொடர்ச்சி வம்சத்தின் தொடர்ச்சிக்குப் பிரமாணமாகாது என்பதற்குப் போதிய சாட்சி.

பின்வந்த ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் இத்திசையிலேயே சென்றன. 1984இல் பென்சியும் டி சில்வாவும் இலங்கை இறால்களின் உறவுகளைப் புரத வேறுபாடுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். 2004இல் பொஸ்ஸுயிட்டும் பிறரும், பாக்குநீரிணை வறண்டு இந்தியாவோடு நிலத்தொடர்பு இருந்த காலங்களையும் மீறி, இலங்கையின் தவளை, மீன், நன்னீர் நண்டு, இறால் ஆகியவை மேற்குத்தொடர் மலையினவற்றிலிருந்து வேறான வம்சங்களாகத் தனித்து நிற்பதைக் காட்டினர். 2005இல் சாயும் பாஹிரும் நம் ஓடை இறாலைக் காரிடினாவிலிருந்தே வெளியேற்றி, லங்காரிஸ் என்னும் புதிய பேரினத்தில் மற்றோர் இலங்கை இனத்தோடு சேர்த்தனர். அதே ஆண்டில் ரிச்சர்டும் கிளார்க்கும் கிழக்காப்பிரிக்காவின் நிலோத்திகாவை மீள ஆராய்கையில் நான்கு புதிய இனங்களை வருணிக்க நேர்ந்தது. நைல் முதல் பசிபிக் வரை விரிந்திருந்த அப்பெரும் இராச்சியம் தன் தலைவாசலிலேயே கலையத் தொடங்கியதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இதுவரை ஆதாரம் வலியது. இனிக் கூறப்போவதற்கு ஆதாரம் மெலிது; ஆயினும் இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிற்காலத்துச் செய்திகள் பெரும்பாலும் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளிலிருந்தே வருவதால், இவ்விறாலை 2,000 மீற்றருக்கு மேற்பட்ட குளிர்நீருக்கே உரியதென்று கருதும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இதுவும் ஒரு வகையிற் பூவியேயின் பிழையே: புட்டியில் வந்ததையே முழுச் சான்றாகக் கொண்டது போல, அகப்பட்ட இடத்தை வாழிடத்தின் எல்லையாகக் கொள்வது. கோப்பிக் காலத்திலே, 1830களிலும் 1840களிலும், மலைச்சரிவுகளின் காடு அழியத் தொடங்கிற்று. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பி வீழ்ந்தபின், அந்நிலங்களைத் தேயிலை மூடிற்று. 1873இல் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகள் விலக்கி வைக்கப்பட்டன. ஆக, ஓர்ட்மன் பெயர் சூட்டுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, கீழ்ச்சரிவின் ஓடைகள் பெரும்பாலும் தோட்டத்து வடிகால்களான கான்களிலிருந்து வழியும் செம்மண்ணைச் சுமக்கத் தொடங்கியிருந்தன. பெரிய முட்டையைச் சுமந்து கற்களிடையே ஒதுங்கும் ஓர் இறாலுக்கு, மண் படிந்த அடித்தளமும் நிழலிழந்த நீரும் எத்தகைய வாழ்விடமாகும் என்பதைத் தோட்டத்துப் பீலிகளையும் அவற்றின் கீழ் ஓடும் ஆற்றையும் அறிந்தோர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1882இல் பழுப்பு ட்ரவுட்டும் பின்னர் வானவில் ட்ரவுட்டும் மேலோடைகளில் விடப்பட்டன என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும். எனினும் அம்மீன்களே எல்லையை வகுத்தன என்று வாதிப்பவரோடு நான் உடன்படேன். மீன் தொகையைக் குறைக்கலாம். ஆனால் மீன் விடப்பட்ட மேலோடையில் இறால் தங்கி, கான் பாயும் கீழோடையிற் காணாதிருப்பதை அது விளக்காது. இன்று நாம் காணும் எல்லை, குளிரால் வரையப்பட்டதைவிடக் கோடரியால் வரையப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதும் உண்டு: கோப்பிக்கு முந்திய காலத்தில் கீழ்ச்சரிவில் இவ்விறாலைப் பிடித்து வைத்தோர் எவருமில்லை, ஆகையால் என் அநுமானத்துக்கு நேர்ச்சான்று இல்லை. முன்னோர் எக்காலத்தில் மலையேறினர் என்பதையும் நான் வரையறுக்க முயலவில்லை. உருமாறிய மிகப் பழம்பாறைகளாலான இம்மலையில், இறாலின் தொல்லுயிர்த் தடத்தைத் தேடுவது வீண். மூலக்கூற்று அளவைகள் தரும் காலங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வரை, மயோசீன் என்றோ அதற்கு முந்தியதென்றோ எழுதிவிடுவது எளிது, நிறுவுவது அரிது.

ஆனால் கீழெல்லையைப் பற்றிய கேள்வியைச் சோதிக்க வழியுண்டு. ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து நீர் மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று ஆற்றுத் தொகுதிகளுக்குப் பிரிந்து செல்கிறது. அங்கிருந்து இறங்கும் ஓடையில் இறால் கிடைத்தால், மேலிருந்து வெள்ளத்தில் வந்தது என்று கூறிவிடலாம். எனவே தேட வேண்டியது, அச்சமவெளியிலே தலைகொள்ளாத ஓடைகளில், தேயிலைக்கு நடுவே மீந்து நிற்கும் காட்டுத் துண்டுகளில். மிதக்காத குஞ்சையுடைய இவ்விறால், சுற்றிலும் கான் சூழ்ந்த அப்படியொரு துண்டில் கிடைக்குமாயின், அது கோப்பிக்குப் பின் அங்கே வந்து சேர்ந்திருக்க வழியில்லை.