சௌபத்ரம் மீண்டும் மேடைக்கு வருகிறது

மத்திய அரசு உத்தியோகத்தில் நான் புனேக்கு மாற்றலாகி வந்தது 1979ல். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன், மராத்தியில் பால், தயிர் கேட்கத் தெரியும், அவ்வளவுதான். ஆபீஸ் நண்பர் ஒருவர் வற்புறுத்தி, பால கந்தர்வ ரங்கமந்திரில் 'சங்கீத சௌபத்ர' பார்க்க அழைத்துப் போனார். வசனம் பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் கதை நாம் அறிந்த சுபத்திரை கல்யாணம்தானே! அர்ஜுனன் சந்நியாசி வேஷத்தில் வந்ததும் பக்கத்து சீட்டுக்காரரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். இப்போது இவ்வூர்க் குழு ஒன்று வரும் பருவத்தில் சாகுந்தலம், சௌபத்ரம், மானாபமானம் என்று பழைய நாடகங்களையே வரிசையாக மேடையேற்றப் போகிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மராத்தியில் பாட்டு கலந்த நாடகங்களை முதலில் எழுதியவர்களில் தஞ்சையை ஆண்ட சாஹஜி மன்னர் (1684-1712) முக்கியமானவர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. ஆனால் மஹாராஷ்டிரத்தில் இக்கலை முளைத்தது வேறு விதையிலிருந்து. கன்னட நாட்டு பாகவதர்களின் ஆட்டத்தைப் பார்த்து ரசித்த சாங்க்லி மன்னர், அதுபோல மராத்தியில் ஒன்று வேண்டும் என்றார். 1843ல் விஷ்ணுதாஸ் பாவே 'சீதா ஸ்வயம்வர்' நடத்தினார். அதில் பாடியவர் சூத்திரதாரர்தான்.

பாத்திரங்களே பாடும்படி செய்தவர் அண்ணாசாஹேப் கிர்லோஸ்கர். பார்ஸி கம்பெனியின் 'இந்திரசபா'வைப் பார்த்துவிட்டு, நம்மாலும் முடியும் என்று காளிதாசனின் சாகுந்தலத்தை எடுத்துக்கொண்டார். 1880 அக்டோபர் 31 அன்று புனேயில் முதல் நான்கு அங்கங்கள் மட்டும் அரங்கேறின. அடுத்து 1882ல் சௌபத்ரம். அவர் பிறந்தது பெல்காம் ஜில்லா. ஆகவே கர்நாடக மெட்டுகளும் தாராளமாக உள்ளே வந்தன. முதல் நாள் பாஷை தெரியாத எனக்கு அது வேற்றூர்ச் சரக்காகத் தோன்றாததற்கு இதுவே காரணமாக இருக்கவேண்டும். 42 வயதிலேயே, 1885ல் அவர் காலமானார்.

அவருடைய கம்பெனியில் 1905ல் சேர்ந்த நாராயண ராஜஹம்ஸ்தான் பால கந்தர்வர். பெயர் சூட்டியவர் லோகமான்ய திலகர். 1911 மார்ச் 12 அன்று பம்பாயில் காடில்கரின் 'மானாபமானம்' அரங்கேற்றம். அன்றைக்கே அவருடைய குழந்தை இறந்துபோயிற்று. நாடகத்தை நிறுத்தவில்லை, பாமினியாக வந்து பாடினார். இதைத் தியாகம் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ, அந்தக் குழந்தையின் தாயாரை நினைத்தால் கொண்டாட மனம் வருவதில்லை.

1913ல் சொந்தக் கம்பெனி. தபலாவுக்கு திரக்வா, ஸாரங்கிக்கு காதர் பக்ஷ். பட்டுப்புடவையும் அத்தரும் அசலாகவே இருக்கவேண்டும் என்பார், கடன் ஏறியது. ஜனங்கள் 'ஒன்ஸ் மோர்' என்று கூவக் கூவ ஒரே பாட்டு பலமுறை வரும், நாடகம் விடியும்வரை நீளும். வசூலுக்கும் அதுதான் வழி, நாடகத்துக்கு வினையும் அதுதான். கதை பாட்டுக்கு ஏணியாகிவிட்டது. 1921ல் திலக் சுயராஜ்ய நிதிக்காக அவரும் கேசவராவ் போஸ்லேயும் சேர்ந்து மானாபமானம் நடித்தார்கள். சில மாதங்களில் போஸ்லே 31 வயதில் மறைந்தார்.

1932ல் மராத்தியில் பேசும்படம் வந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. பாட்டுகளோ கிராமபோன் தட்டில் ஏறிக்கொண்டு தப்பித்தன. 1960களில் வித்யாதர் கோகலே, ஜிதேந்திர அபிஷேகி போன்றோர் புதுரத்தம் பாய்ச்சினார்கள். ஆனாலும் இன்று சபைகளில் 'நாட்டிய சங்கீதம்' என்று பாட்டை மட்டும் தனியே பாடுகிறார்கள். யார், யாரிடம், ஏன் பாடினார்கள் என்று கேட்டால் இளைஞர்கள் விழிக்கிறார்கள். நம் பதங்களுக்கும் ஜாவளிகளுக்கும் நேர்ந்த கதிதான்.

வரும் பருவத்தில் அங்கம் எதையும் வெட்டாமல் போடுவார்களா என்று குழுவினரிடம் போனில் விசாரித்தேன். "நாலரை மணி நேரம் ஆகும் காகா, உட்காருவீர்களா?" என்றாள் ஒரு பெண். மூன்று நாடகங்களுக்கும் ஓரத்து சீட்டாக, மூன்று டிக்கெட் சொல்லிவைத்திருக்கிறேன். முழங்கால் வலிக்கு அதுதான் சௌகரியம்.