நாரைக் காலும் வகையறாவும்

பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூர் பக்கம் போனால் சித்திரங்குடிக் கண்மாய். 1989இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. தை மாதத்தில் ஒருநாள், தண்ணீர் வற்றத் தொடங்கிய ஓரத்துச் சேற்றில் ஒரு தடத்தைக் காட்டி ஆடு மேய்க்கிற பெரியவர் சொன்னார்: "நாரைக் காலு தம்பி. மூணு முன்ன, ஒண்ணு பின்ன." எனக்கு 'பெடிக்ரி' என்ற சொல் ஞாபகம் வந்தது. ராஜபாளையம் நாய்க்கும் ஜமீன் குடும்பத்துக்கும் ஒருசேரப் பயன்படுகிற ஆங்கிலச் சொல்.

அதன் மூலம் பழைய பிரெஞ்சின் 'பியே த க்ரூ'. கிரேன் எனும் பெருங்கொக்கின் கால் என்று அர்த்தம். வம்ச அட்டவணையில் தகப்பனிலிருந்து பிள்ளைகளுக்குப் பிரித்திழுத்த கோடு அந்தத் தடம்போல் இருந்ததால் வந்த பெயர். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஏறியது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் நிலமும் கோர்ட்டும் பிரெஞ்சு பேசின. நாரைக்கு அந்நாட்டுச் சனங்கள் வைத்திருந்த 'ஹ்ராக்ரா' மெல்லச் செத்தது. வல்லூறு விட்டு அதை வேட்டையாடிய பிரபுக்களின் 'ஹெரன்' நிலைத்தது. 'கிரேன்' மட்டும் பழைய ஆங்கிலத்திலிருந்து தப்பிவந்து இன்று பளுதூக்கும் எந்திரமாகவும் நிற்கிறது. (கிரேனின் பின்விரல் குட்டை, தரையில் படாது; சேற்றில் மூன்று கோடுதான் விழும். பெரியவர் காட்டியதில் நான்கு.)

இந்தச் சீமையின் வம்சாவளியும் லண்டன்வரை போயிருக்கிறது. சேதுபதி ஜமீனில் கணவன் அனுமதியில்லாமல் விதவை தத்தெடுக்கலாமா என்ற வழக்கு. பங்காளிகள் சம்மதித்தால் போதும் என்று 1868இல் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது.

நம் சொற்கள் மட்டும் என்ன உசத்தி? சமஸ்கிருதத்தில் வம்சம் என்றால் மூங்கில். கணுக்கணுவாய் வளர்வது தலைமுறையாயிற்று. கோயில் நன்கொடைக் கல்லில் மார்தட்டும் 'வகையறா' அரபியிலிருந்து உருது வழியாக வந்த 'முதலானவை', அவ்வளவுதான். பெயர்களை எழுதிக் குமாஸ்தாவின் பேனா அலுத்த இடம் என்றே எனக்குப் படுகிறது.

பரமக்குடியில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட முடியாது. பிறப்பின் பேரால் கைகட்டி நிற்க மறுத்த இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11 அன்று இங்கேதான் கொல்லப்பட்டார். 2011இல் அதே நாளில், அவர் நினைவுக்காக வந்தவர்கள்மீது போலீஸ் சுட்டது.

மறுபடி கண்மாய்க்குப் போனபோது பெரியவரிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், ஆட்டை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, "அது சரி, நீங்க எந்த வகையறா தம்பி?" என்றார்.